கலிங்க ஜினரை மீட்ட மாமன்னர் காரவேலர்

ஒரு நாடு பிறர்க்கு அடங்காது இறைமையுடன் வாழ்வதற்கு எவை வேண்டும்? அவ்வாறு வாழும் நாடு பேரரசாக உயர்வதற்கு எவை துணை செய்யும்? இவ்வினாக்களுக்கு அரசியல் நூலார் பலவாறு விடை பகர்ந்துள்ளனர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அரசன், அமைச்சர், நாடு, கோட்டை, கருவூலம், படை, நட்பு என ஏழு உறுப்புகளை எண்ணும். நம் திருக்குறள் அரசனைத் தனியே நிறுத்தி, அவனுக்கு அமைய வேண்டிய உறுப்புகள் ஆறு என வகுக்கும். ஆயின், இவ்வுறுப்புகளுள் எதனை முதலில் பேணுவது, எதனைப் பின்னர் நாடுவது, எவ்விடத்தில் நிறுத்திக் கொள்வது என்பவற்றை நூல்களைக் காட்டிலும் ஒரு மன்னரின் வாழ்க்கை நமக்குத் தெளிவாக உணர்த்தும். அருகன் நெறியில் நின்று கலிங்க நாட்டை ஆண்ட காரவேலரின் வாழ்க்கையே அது.

பேரரசரான சமண மன்னர் என்று அவரை நாம் பெருமையுடன் குறிப்பிடுவது வழக்கம். அப்பெருமையில் பிழையில்லை. எனினும், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், படை நடத்திய ஒரு மன்னரைப் போற்றும்போது அவர் வாழ்வை முழுமையாக அறிந்து போற்றுதல் வேண்டும். அந்நோக்குடன் அவரது வரலாற்றை இங்கே காண்போம்.

யானைக் குகையின் கல்வெட்டு

காரவேலரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் ஒரே ஒரு கல்வெட்டினால் அறிவனவே. ஒடிசா மாநிலத் தலைநகரான புவனேசுவரத்தின் அருகே உதயகிரி, கண்டகிரி என இரு குன்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. உதயகிரியில் ஹாதிகும்பா, அதாவது யானைக் குகை, என வழங்கும் குகையின் நெற்றியில் 17 வரிகளில், பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் அக்கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. அருகரையும் எல்லாச் சித்தரையும் வணங்கித் தொடங்கும் அதன் முதல் வரி, நாம் நாள்தோறும் ஓதும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தின் முதல் இரு வணக்கங்களை நினைவூட்டுவது.

ஈராயிரம் ஆண்டு மழையும் வெயிலும் அவ்வெழுத்துகளைப் பெரிதும் சிதைத்துவிட்டன. 1820ஆம் ஆண்டுகளில் ஸ்டர்லிங் என்னும் ஆங்கிலேயர் இக்கல்வெட்டை உலகறியச் செய்தார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அதனைப் படிக்க முயன்றார். பின்னர் பகவான்லால் இந்திராஜி, காசி பிரசாத் ஜெயசுவால், ஆர். டி. பானர்ஜி, பரூவா முதலிய அறிஞர்கள் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை இப்பதினேழு வரிகளுக்கு ஈந்தனர். சில சொற்களில் அவர்கள் தம்முள் மாறுபடினும், மன்னரின் ஆட்சியை ஆண்டு ஆண்டாகக் கூறிச் செல்லும் இதன் அமைப்பு யாவர்க்கும் உடன்பாடே. பழைய கருத்து காரவேலரைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தது. இன்று பெரும்பாலோர் அவரைக் கி.மு. முதல் நூற்றாண்டினர் என்பர்.

கலிங்கம் இழந்தவை

காரவேலரின் செயல்களை மதிப்பிட வேண்டுமாயின், அவருக்கு முன்னர் அந்நாடு இழந்தவற்றை அறிதல் வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மகதத்தை ஆண்ட நந்த அரசன் கலிங்கத்தைக் கைப்பற்றினான். அந்நாட்டு மக்கள் வழிபட்டு வந்த ஜினர் திருவுருவத்தை அவன் மகதத்திற்குக் கொண்டு சென்றான். அதே நந்த அரசன் கலிங்கத்தில் ஒரு வாய்க்காலையும் வெட்டுவித்தான். இவ்விரு செய்திகளையும் இதே கல்வெட்டே தருகின்றது. வயலுக்கு நீர் தந்தவனும் வழிபடு தெய்வத்தை எடுத்துச் சென்றவனும் ஒருவனே என்பதைக் கலிங்க மக்கள் தலைமுறை தலைமுறையாக மறவாதிருந்தனர்.

நந்தருக்குப் பின் தன்னுரிமை பெற்றிருந்த கலிங்கத்தின்மீது கி.மு. 261 அளவில் அசோகர் படையெடுத்தார். ஓர் இலட்சம் பேர் போரில் மாண்டனர். ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். அவற்றினும் பன்மடங்கினர் வேறு வகையில் அழிந்தனர். இவற்றை அசோகரே தமது 13ஆம் பாறைக் கட்டளையில் மனம் வருந்திப் பொறித்துள்ளார். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. கலிங்க மண்ணில், தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில், அவ்வருத்தம் தோய்ந்த கட்டளை வெட்டப்படவில்லை. அதற்கு ஈடாக, மக்களைத் தம் மக்களெனக் கருதி நீதி வழங்குமாறு அதிகாரிகளைப் பணிக்கும் தனிக் கட்டளைகளே அங்கு உள்ளன. ஆளுவோர் நல்லவராயினும், கலிங்கம் தோசலி நகரிலிருந்து பிறரால் ஆளப்பட்ட ஒரு மாகாணமாகவே இருந்தது. நல்லாட்சி வேறு, இறைமை வேறு என்பதனை இந்நிலை நமக்குப் புலப்படுத்துகின்றது.

மௌரியப் பேரரசு கி.மு. 185 அளவில் வீழ்ந்தது. அதன் பின்னர்ச் சேதி குலத்தைச் சேர்ந்த மகாமேகவாகன மரபினர் கலிங்கத்தில் தனியரசு நிறுவினர். அம்மரபில் தோன்றியவரே காரவேலர்.

இளமையும் கல்வியும்

பதினைந்து ஆண்டுகள் இளமைக்குரிய விளையாட்டுகளில் கழித்த பின், எழுத்து, நாணயம், கணக்கு, வழக்கு, நடைமுறை ஆகியவற்றை அவர் கற்றுத் தேர்ந்தார் எனக் கல்வெட்டு கூறுகின்றது. அரச குமாரர் ஒருவரின் கல்வியைக் கூறப் புகுந்தவர், வில்லையும் வாளையும் முதலில் கூறாமல், நாணயத்தையும் கணக்கையும் கூறியது வியப்புக்குரியது. கருவூலத்தின் வரவு செலவை அறியாத அரசன் பிறர் கணக்கை நம்பியே ஆள வேண்டியவன் ஆவான். காரவேலர் அவ்வாறு ஆள விரும்பவில்லை. ஒன்பது ஆண்டுகள் இளவரசராக இருந்து ஆட்சிப் பணியில் பழகி, 24 ஆண்டுகள் நிரம்பிய பின்னரே கலிங்கத்தின் மகாராசராக முடிசூடினார்.

மதிலும் ஏரியும் வாய்க்காலும்

முடிசூடிய முதலாண்டில் அவர் எந்நாட்டின்மீதும் படையெடுக்கவில்லை. புயலால் சிதைந்து கிடந்த கலிங்க நகரத்தின் வாயில்களையும் மதில்களையும் மாளிகைகளையும் செப்பனிட்டார். ஏரியின் கரைகளைக் கட்டினார். அழிந்த சோலைகளை மீண்டும் உண்டாக்கினார். இப்பணிகளுக்கு 35 இலட்சம் செலவாயிற்று என்பது கல்வெட்டுச் செய்தி. 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலை நினைவில் கொண்டோர், அக்கடற்கரை நாட்டில் புயலுக்குப் பின் நகரைச் சீரமைப்பது எத்துணைப் பெரும்பணி என்பதை எளிதில் உணர்வர்.

புவனேசுவரத்தின் அருகே உள்ள சிசுபாலகட் என்னும் இடத்தில் 1948இல் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பி. பி. லால் அகழ்வாய்வு நடத்தினார். சதுர வடிவில், பக்கத்திற்கு இரண்டாக எட்டு வாயில்களுடன் கூடிய ஒரு பழைய கோட்டை நகரம் அங்குள்ளது. காரவேலர் செப்பனிட்ட கலிங்க நகரம் அதுவே எனப் பலர் கருதுவர்.

ஐந்தாம் ஆண்டில் அவர் மேற்கொண்ட பணி நம் கருத்தை ஈர்ப்பது. நந்த அரசன் வெட்டுவித்த வாய்க்காலைத் தனசுலி வழியாகத் தலைநகர் வரை நீட்டித்தார். நந்தன் வெட்டி முந்நூறு ஆண்டுகள் கடந்தன எனப் பெரும்பாலோர் அத்தொடருக்குப் பொருள் கொள்வர். பகைவன் வெட்டியது என்று அவர் அவ்வாய்க்காலைத் தூர்க்கவில்லை. அவன் பெயரை மறைக்கவும் இல்லை. நீர் எவர் வெட்டிய வழியில் வந்தாலும் தம் மக்களின் வயலுக்கும் நகருக்கும் பயன்பட வேண்டும் என்பதே அவர் கருத்து.

ஆறாம் ஆண்டில் நகரத்தார்க்கும் நாட்டார்க்கும் பல இலட்சம் மதிப்புள்ள வரிகளையும் தீர்வைகளையும் தள்ளுபடி செய்தார். வரி விதிப்பது அரசின் உரிமை என்பதை யாவரும் அறிவர். அதனை விட்டுக் கொடுப்பதும் இறைமையுள்ள அரசுக்கே இயலும். மாகாணத்து அதிகாரி தண்டியதைத் தலைமை அரசுக்கு அனுப்பியாக வேண்டும். தன் நாட்டு உழவனுக்கு எதனையும் விட்டுக் கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. கலிங்கம் உண்மையில் விடுதலை பெற்றதை இவ்வரி நீக்கத்தைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் செயல் பிறிதில்லை என்று கூறலாம்.

இவற்றினிடையே, மூன்றாம் ஆண்டில், இசைக் கலையில் வல்லவரான அம்மன்னர் ஆடல், பாடல், கருவியிசை, விழாக்கள் ஆகியவற்றால் தலைநகரை மகிழ்வித்தார். நீண்ட காலம் பிறர்க்கு அடங்கியிருந்த மக்களுக்குத் தம் ஊர் விழாவும் நாடு மீண்டதன் ஓர் அடையாளமே.

நாற்றிசைப் படையெடுப்பு

இனி, அவரது படைச் செயல்களைக் காண்போம். இரண்டாம் ஆண்டில், தக்கணத்தில் வலிமை பெற்றிருந்த சாதகர்ணியைப் பொருட்படுத்தாது, குதிரை, யானை, காலாள், தேர் ஆகிய நால்வகைப் படையை மேற்றிசைக்குச் செலுத்தினார். நான்காம் ஆண்டில் இரதிகரும் போசகரும் அவர் அடி பணிந்தனர். எட்டாம் ஆண்டில் இன்றைய பீகாரில் பராபர் குன்றுகள் எனப்படும் கோரதகிரியைத் தாக்கி, இராசகிருகத்தை நெருக்கினார். ஒன்பதாம் ஆண்டில் 38 இலட்சம் செலவில் மகாவிசயம் என்னும் அரண்மனையை எழுப்பினார். நாட்டின் மதிலுக்கும் ஏரிக்கும் செலவிட்டதைக் காட்டிலும் தம் வெற்றி மாளிகைக்கு அவர் கூடுதலாகச் செலவிட்டார் என்பதை நாம் காணாமல் விடுதற்கில்லை. பேரரசு வளரும்போது செலவின் திசையும் மாறுகின்றது.

பதினோராம் ஆண்டுச் செய்தி தமிழராகிய நம்மை நேரே தொடுவது. பிதுண்டம் என்னும் நகரை அழித்து அதனைக் கழுதை பூட்டி உழுவித்தார். பகைவர் ஊரைக் கழுதை ஏரால் உழும் இவ்வழக்கத்தைப் புறநானூறும் குறிப்பிடுகின்றது. அடுத்து, நெடுங்காலமாக நிலவி வந்த தமிழ் நாடுகளின் கூட்டணியைக் காரவேலர் உடைத்தார். அக்கூட்டணியின் அகவை 113 ஆண்டுகள் எனப் பல அறிஞர் படிப்பர். மூவேந்தரும் சேர்ந்து வேற்றுமொழி வழங்கும் எல்லை நாட்டைக் காத்து நின்ற செய்தி மாமூலனாரின் அகநானூற்றுப் பாடல் ஒன்றில் இருப்பது, இக்கல்வெட்டின் கூற்றுக்குத் துணை செய்கின்றது.

இங்கு நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். ஒருவர்க்கொருவர் பகைத்துப் போரிட்டவர் எனப் பெயர் பெற்ற தமிழ் வேந்தர், வடக்கிலிருந்து வரும் படைக்கு எதிராக ஒன்றுபட்டு நின்ற காலமும் உண்டு. பேரரசாக விரியாமலே, உடன்படிக்கையால் இறைமையைக் காக்கவியலும் என்பதற்கு அக்கூட்டணி சான்று. அது உடைந்தவுடன் நிகழ்ந்தது யாது? அடுத்த ஆண்டிலேயே பாண்டியனிடமிருந்து முத்தும் மணியும் பிற செல்வங்களும் கலிங்கத்திற்குச் சென்றன.

அப்பாண்டிய நாடு எத்தகையது? மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில், நெடுஞ்செழியன் காலத்தில் சமண முனிவர்க்குக் கற்படுக்கைகள் அமைத்துத் தந்த செய்தியைத் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் முடிபு. முனிவர்க்கு இடமளித்த நாட்டிலிருந்து, முனிவரைப் போற்றும் மன்னர் செல்வத்தைப் பெற்றுச் சென்றார். சமயம் ஒன்றாயிருத்தல் பேரரசின் ஆசையைத் தடுப்பதில்லை என்பதை வரலாறு ஒளிவு மறைவின்றிக் கூறுகின்றது.

ஜினர் திரும்பி வந்த நாள்

பன்னிரண்டாம் ஆண்டில் காரவேலர் வடநாட்டு மன்னரை அச்சுறுத்தினார். மகத மக்களை நடுங்கச் செய்து, தம் யானைகளைக் கங்கையில் நீருண்ணச் செய்தார். மகத வேந்தன் பிருகஸ்பதிமித்திரனைத் தம் அடி பணியச் செய்தார். அங்கம், மகதம் ஆகிய நாடுகளின் செல்வத்துடன், நந்த அரசன் கொண்டு சென்ற கலிங்க ஜினரை மீண்டும் தம் நாட்டுக்கு எழுந்தருளச் செய்தார்.

ஜின உருவ வழிபாட்டின் தொன்மைக்கு எழுத்துச் சான்றாக அறிஞர் எடுத்துக்காட்டுவது இச்செய்தியையே. அத்திருவுருவம் ஆதிபகவனுடையது எனப் பலர் கொள்வர். கல்வெட்டோ கலிங்க ஜினர் என்று மட்டுமே குறிக்கின்றது. ஒரு நாட்டின் பெயரும் ஒரு தீர்த்தங்கரரின் திருவுருவமும் பிரியாது இணைந்து நின்றதை இப்பெயர் காட்டுகின்றது.

வாய்க்காலை நீட்டித்த மன்னர் ஏழாண்டுகள் கழித்துத் திருவுருவத்தையும் மீட்டார். நந்தன் தந்ததை ஏற்று வளர்த்தார். அவன் பறித்ததை மீட்டுக் கொணர்ந்தார். ஒரு நாட்டின் இறைமை இவ்விரண்டினாலும் நிறைவுறுகின்றது. உணவும் நீரும் மட்டும் பெற்று, தாம் போற்றுவதைப் பிறர் ஊரில் விட்டு வாழும் மக்கள் முழு உரிமை பெற்றவராகார். தாம் போற்றுவதைக் காத்தும் வயலுக்கு நீரின்றி வாடும் மக்களும் அவ்வுரிமையை நெடுநாள் தாங்கவியலாது. காரவேலர் முதலில் நீரைப் பேணினார். பின்னர்த் திருவுருவத்தை மீட்டார். இம்முறையே அவரது ஆட்சியின் சிறப்பு.

குமரி மலையில்

பதின்மூன்றாம் ஆண்டில் கல்வெட்டின் போக்கு மாறுகின்றது. உதயகிரியின் பழம்பெயராகிய குமரி மலையில் தவமியற்றும் முனிவர்க்கு வேண்டுவன அளித்து, வழிபாட்டில் ஈடுபட்ட இல்லறத்தானாகக் காரவேலர் காட்சி தருகின்றார். உயிர் வேறு, உடல் வேறு என்னும் உண்மையை அவர் அங்கே உணர்ந்தார். எல்லாத் திசைகளிலிருந்தும் அறிஞரும் தவசியரும் அம்மலையில் கூடினர். மறைந்து கொண்டிருந்த ஆகம நூல்களை அங்கே தொகுத்தனர் என்று ஜெயசுவால் முதலியோர் பொருள் கொள்வர். பட்டத்தரசியும் கலிங்கத்து முனிவர்க்காக ஒரு குகையை அமைத்துத் தந்தார். அதனை அறிவிக்கும் கல்வெட்டு அம்மலையிலேயே உள்ளது.

பன்னிரண்டாம் ஆண்டுக்குப் பின் எந்தப் படையெடுப்பையும் அக்கல்வெட்டு கூறவில்லை. மன்னருக்கு அப்போது வயது நாற்பதை எட்டவில்லை. இறுதி வரிகள் அவரை நலம் தரும் மன்னர், வளம் தரும் மன்னர், துறவிகளின் மன்னர், அற மன்னர் எனப் போற்றுகின்றன. எல்லாச் சமயத்தாரையும் மதித்தவர் என்றும், எல்லாத் தெய்வங்களின் கோயில்களையும் புதுப்பித்தவர் என்றும் கூறி முடிக்கின்றன. தம் தெய்வத்தை இழந்து மீட்ட நாட்டின் மன்னர் பிறர் தெய்வங்களின் கோயில்களைச் செப்பனிட்டார் என்பது அவருடைய வெற்றிகள் அனைத்தினும் மேலானதாக நமக்குத் தோன்றுகின்றது.

போரும் அணுவிரதமும்

இனி நாம் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு முழுமையான கொல்லாமையை விதிக்கவில்லை. வேண்டுமென்றே கருதிச் செய்யும் கொலையை விலக்குமாறு கூறினர். தன்னையும் தன் நாட்டையும் காக்க நேரும் எதிர்ப்பை விரோத ஹிம்சை என வேறாக வகுத்தனர். பறிக்கப்பட்ட திருவுருவத்தை மீட்கச் சென்ற படையை இவ்வகையில் அடக்கலாம் என்று சிலர் கூறுவர். ஆயின் பிதுண்டத்தைக் கழுதை பூட்டி உழுததையும், பாண்டியனின் முத்துகளையும் அவ்வகையில் அடக்க இயலாது. அசோகர் தாம் வீழ்த்திய உயிர்களை எண்ணிக் கல்லில் பொறித்தார். காரவேலரின் கல்வெட்டில் அத்தகைய எண்ணிக்கை இல்லை.

இல்லறத்தார் நோன்புகளுள் திசைவிரதம் என்பது ஒன்று. இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் எனத் தனக்குத்தானே வரம்பு கட்டிக் கொள்வது அது. மிகுபொருள் விரும்பாமை என்பதோ உடைமைக்குக் கட்டும் வரம்பு. பேரரசு இவ்விரு வரம்புகளையும் அறியாதது. திசைதோறும் விரிவதும், பொருளைப் பெருக்குவதும் அதன் இயல்பு. ஆகவே ஒரு நாடு இறைமை பெறுதற்கு வேண்டிய தகுதிகள் வேறு, பேரரசாதற்கு வேண்டிய வேட்கை வேறு. முன்னதை அறம் ஏற்கும். பின்னதை ஒரு நாள் நிறுத்திக் கொள்ளுமாறு அறம் வேண்டும். காரவேலர் நான்கு திசைகளிலும் சென்று, பின்னர்க் குமரி மலையில் வந்து அமர்ந்தார் என்ற அளவில் அவர் வாழ்க்கை நமக்குப் பாடமாகின்றது.

எஞ்சியவை

அவர் கண்ட பேரரசு நீடிக்கவில்லை. அவருக்குப் பின் வந்தோரின் சில பெயர்களை மட்டுமே குகைக் கல்வெட்டுகள் தருகின்றன. மகாவிசய மாளிகை எங்கே நின்றது என்பதைக் காட்டும் சுவடுகூட இல்லை. முனிவர்க்காகக் குடைந்த குகைகளோ இன்றும் நிற்கின்றன. கண்டகிரியில் பிற்காலத்தார் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும், வழிபாடு நிகழும் ஜினாலயமும் அவ்விடத்தின் தொடர்ச்சியைக் காட்டுகின்றன.

சம்மேத சிகர யாத்திரை செல்லும் நம்மவர் சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் வழியில் புவனேசுவரத்தைக் கடந்தே செல்கின்றனர். ஒரு நாள் அங்குத் தங்கி, காலையில் தௌலியில் அசோகரின் கட்டளையையும் மாலையில் உதயகிரியில் காரவேலரின் கல்வெட்டையும் கண்டு வருதல் நலம். உடன் செல்லும் பிள்ளைகளுக்கு, மீட்கப்பட்ட ஜினரின் வரலாற்றோடு, பகைவன் வெட்டிய வாய்க்காலைத் தூர்க்காமல் நீட்டித்த மன்னரின் பெருந்தன்மையையும் எடுத்துரைத்தல் வேண்டும். நம் ஊர்களில் சிதைந்து கிடக்கும் ஜினாலயங்களுக்கும் மதிலைச் செப்பனிடுவதே முதலாண்டுப் பணியாகும் என்பதை அவர்கள் தாமே உணர்வர்.